ஆக்சிஜன் சென்சார் பழுதும் எரிபொருள் சிக்கனமும்

ஆக்சிஜன் சென்சார் என்பது எஞ்சினின் புகைக்குழாயில் பொருத்தப்பட்டு, வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் உணர்கருவி. லாம்டா சென்சார் என்றும் இதற்குப் பெயர் உண்டு. இது அனுப்பும் சமிக்ஞையைப் பார்த்துத்தான் எஞ்சினின் கணினியான இ.சி.யூ., பீச்சும் பெட்ரோலின் அளவைக் கூட்டியும் குறைத்தும் திருத்திக்கொண்டே இருக்கிறது. சென்சார் தவறான தகவல் தந்தால் பெட்ரோல் வீணாகும், புகையின் நச்சுத்தன்மை கூடும். பழுதான சென்சாரை மாற்றினால் இழந்த மைலேஜ் திரும்பக் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ளதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால் பணம்தான் செலவாகும், பெட்ரோல் மிச்சமாகாது. எனவே மாற்றுவதற்கு முன் செய்யும் சோதனையே இந்த வேலையின் முக்கியப் பகுதி.

செயல்படும் விதம்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தச் சரியான விகிதத்தை லாம்டா 1 என்று குறிப்பார்கள். பெட்ரோல் கூடினால் அது ‘ரிச்’ கலவை, காற்று கூடினால் ‘லீன்’ கலவை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்றின் தேவை குறையும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இந்த விகிதம் ஏறத்தாழ 13.5. சென்சார் அளப்பது மிஞ்சிய ஆக்சிஜனை என்பதால், எரிபொருள் மாறினாலும் இ.சி.யூ.வால் சரியான கலவையை நெருங்க முடிகிறது.

பரவலாகப் புழங்கும் வகையில் சிர்கோனியம் டையாக்சைடு பீங்கானும் அதன் இருபுறமும் பூசிய பிளாட்டினமும் இருக்கும். ஒரு பக்கம் புகையும் மறு பக்கம் வெளிக்காற்றும் படும். இரண்டு பக்கத்து ஆக்சிஜன் அளவும் வேறுபடும்போது சிறு மின்னழுத்தம் உண்டாகும். கலவை ரிச் ஆனால் 0.8 முதல் 0.9 வோல்ட் வரையும், லீன் ஆனால் 0.1 வோல்ட் அளவிலும் இருக்கும். பீங்கான் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால்தான் சரியாக வேலை செய்யும். வண்டியைக் கிளப்பியதும் விரைவில் சூடாக வேண்டும் என்பதற்காகவே உள்ளே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். புதிய கார்கள் பலவற்றில், கலவை எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதையும் அளக்கும் ‘வைட்பேண்ட்’ சென்சார் உண்டு.

வரலாறு

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய லாம்டா சென்சார், 1976இல் அமெரிக்கச் சந்தைக்கான வால்வோ கார்களில் முதன்முதலில் இடம்பெற்றது. அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளே இதற்குத் தூண்டுதல். புகையின் மூன்று முக்கிய நச்சுகளையும் ஒருசேரக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், கலவை லாம்டா 1ஐ ஒட்டியிருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதைக் காத்துக்கொடுப்பது இந்த சென்சாரின் பணி.

இந்தியாவில் 1995இல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும், புதிய கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அறிமுகமாயின. 2000இல் ஈயமற்ற பெட்ரோல் நாடு முழுதும் வந்தது. ஈயம் படிந்தால் கன்வெர்ட்டரும் சென்சாரும் கெடும் என்பதால் இந்த மாற்றம் இன்றியமையாததாக இருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி நடைமுறைக்கு வந்தபின் இருசக்கர வாகனங்களிலும் ஆக்சிஜன் சென்சார் பரவலானது.

பழுதும் பெட்ரோல் செலவும்

சென்சாரின் சமிக்ஞை தாழ்ந்தே நின்றுவிட்டால், காற்று கூடிவிட்டது என்று எண்ணி இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மைலேஜ் சரியும், புகையில் பெட்ரோல் வாடை அடிக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் பாழாக்கும். சமிக்ஞை உயர்ந்தே நின்றால் பெட்ரோல் குறைக்கப்பட்டு பிக்கப் போய்விடும். சென்சார் முற்றிலும் செயலிழந்தால், அதைப் புறக்கணித்துவிட்டு முன்கூட்டியே பதிந்த கணக்குப்படி இ.சி.யூ. பெட்ரோலைப் பீச்சும்.

பழுதான ஆக்சிஜன் சென்சார் போன்ற கடுமையான குறையைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரை கூடலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் கூறுகிறது. இது உச்சவரம்பு. பெரும்பாலான வண்டிகளில் பலன் இதைவிடக் குறைவாகவே இருக்கும். லிட்டருக்கு 15 கி.மீ. தந்த கார் 12க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கி.மீ. ஓட ஏறத்தாழ 17 லிட்டர் கூடுதலாகச் செலவாகும்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரே பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பதில் முதன்மையானது. பின்னால் உள்ளதற்குக் கன்வெர்ட்டரைக் கண்காணிப்பதுதான் முக்கிய வேலை. பின் சென்சாரை மட்டும் மாற்றி மைலேஜ் கூடும் என்று பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

கெடுவதற்கான காரணங்கள்

வயதாவதே முதல் காரணம். ஹீட்டர் இல்லாத பழைய வகை 50,000 முதல் 80,000 கி.மீ. வரையும், ஹீட்டர் உள்ளவை 1,00,000 கி.மீ.க்கு மேலும் உழைக்கும். எஞ்சின் எரிக்கும் ஆயில், கசிந்து எரியும் கூலண்ட், பொருத்தமற்ற சிலிக்கோன் பேஸ்ட் ஆகியவை ஆயுளைக் குறைக்கும். கழற்றிய சென்சாரின் முனையைப் பார்த்தாலே பல சமயம் காரணம் தெரிந்துவிடும். உலர்ந்த கருங்கரி படிந்திருந்தால் ரிச் கலவை, வெண்மையாகப் பூத்திருந்தால் சிலிக்கோன், பழுப்புப் படிவு என்றால் ஆயில். இந்த மூலக்காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் விரைவில் கெடும்.

சோதிக்கும் முறை

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைப் பொருத்திப் பிழைக்குறியீட்டைப் படிக்க வேண்டும். பி0133 என்றால் முன் சென்சார் மந்தமாக இயங்குகிறது, பி0135 என்றால் அதன் ஹீட்டர் சுற்றில் கோளாறு. இவை பழுதின் திசையைக் காட்டுமே தவிர, சென்சாரை மாற்றச் சொல்லும் தீர்ப்பல்ல. ஒயர் அறுந்திருந்தாலும் ஃபியூஸ் போயிருந்தாலும் இதே குறியீடுகள் வரக்கூடும்.

அடுத்து எஞ்சினைச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தி, ஸ்கேனரில் சமிக்ஞையைக் கவனிக்க வேண்டும். நல்ல சிர்கோனியா சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்கும். சோம்பலாக அசைந்தாலோ ஓரிடத்தில் நின்றாலோ சந்தேகம் வலுக்கும். வைட்பேண்டின் சமிக்ஞை இப்படி ஏறி இறங்காது, அதற்குத் தனி அளவீடு.

நல்ல சென்சார்மீது வீண்பழி விழும் இடங்கள் இரண்டு. புகைக்குழாய் இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, இல்லாத லீன் கலவையை சென்சார் காட்டும். ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங் இருந்தாலும் எரிதலில் செலவாகாத ஆக்சிஜன் வெளியே வந்து அதே விளைவைத் தரும். இவ்விரண்டையும் முதலில் சரிபார்க்க வேண்டும்.

மாற்றும் முறை

வண்டியின் மாடலுக்கு உரிய எண் கொண்ட சென்சாரையே வாங்க வேண்டும். ஒயர்களின் எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. பொதுவாக 22 மி.மீ. ஸ்பேனரால் அல்லது பக்கவாட்டில் வெட்டு உள்ள சென்சார் சாக்கெட்டால் கழற்றலாம். எஞ்சின் லேசாகச் சூடாக இருக்கும்போது, துருநீக்கும் ஆயில் விட்டுக் கழற்றினால் மரை கெடாது. மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பேஸ்ட் பல புதிய சென்சார்களில் தடவியே வரும். தடவ வேண்டியிருந்தால் மரைக்கு மட்டும் தடவி, முனையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முறுக்கும் விசை பெரும்பாலும் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், ஆனாலும் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. பல சென்சார்களுக்கு ஒப்பீட்டுக்கான வெளிக்காற்று ஒயர் இழைகளின் வழியாகத்தான் உள்ளே போகிறது. எனவே கப்ளரில் கிரீஸ் அடைப்பதும் ஒயரை ஈயப்பற்று வைத்து ஒட்டுவதும் கூடாது.

மாற்றியபின் பிழைக்குறியீட்டை அழித்து, சமிக்ஞையை மீண்டும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். பிறகு டேங்கை முழுக்க நிரப்பி, வழக்கமான பாதையில் ஓட்டி, மறுபடி நிரப்பி மைலேஜைக் கணக்கிட வேண்டும். மைலேஜ் ஏறவில்லை என்றால் டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட், கசியும் இன்ஜெக்டர் ஆகியவற்றைச் சோதிப்பதே அடுத்த வேலை.