24-ஆ, 28-ஆ? ஒரு பழைய புல்லட்டின் தொண்டைக் கணக்கு

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அப்பாவை அவரோட பழைய 350 புல்லட்டில் பின்னாடி உட்கார வைத்து, திருப்பனந்தாளிலிருந்து அணைக்கரைக்குக் கிளம்பினேன். வண்டிக்கு அப்போதுதான் ரீபோர் ஆகியிருந்தது, 1 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன். "இன்ஜின் பெருசாயிடுச்சு, கார்ப்பரேட்டரும் பெருசா இருக்கட்டும்" என்று 500-க்கான 28 மி.மீ. கார்ப்பரேட்டரை நானே வாங்கி மாட்டியிருந்தேன்.

அணைக்கரைப் பாலம் குறுகல். முன்னால் வைக்கோல் டிராக்டர். அது நகர்ந்ததும் ஆக்சிலரேட்டரை ஒரே முறுக்கு முறுக்கினேன். இன்ஜின் ஒரு தரம் இருமிவிட்டு அணைந்தது. பின்னாடி பஸ் ஹாரன். 74 வயசு அப்பா இறங்கி வெயிலில் நடக்க, நான் தள்ளிக்கொண்டு போனேன். கரை ஏறியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "வாய்க்காலை அகலமா வெட்டிட்டா தண்ணி வேகமா வந்துடுமாடா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தப் பதிவு.

ஒரே அளவு தண்ணீர் அகலமான வாய்க்காலில் மெதுவாகவும், குறுகின மடையில் வேகமாகவும் போகும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738-இல் எழுதினார். குறுகிய குழாயில் இதைச் சோதித்து 1797-இல் வெளியிட்டவர் இத்தாலியரான வெஞ்சூரி. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1893 வாக்கில், ஜெர்மனியில் மேபாக்கும் ஹங்கேரியில் பாங்கி, சோன்கா இருவரும் பெட்ரோலை ஜெட் வழியாகத் தெளிக்கும் கார்ப்பரேட்டரை உருவாக்கினார்கள். இடையில் 1836-இல் ஆர்தர் காட்டன் நம்ம அணைக்கரையில் கீழணையைக் கட்டி முடித்திருந்தார். தண்ணீரோ காற்றோ, அளந்து விடுவதுதான் வேலை.

கார்ப்பரேட்டரில் பெட்ரோலை யாரும் பம்ப் செய்வதில்லை. தொண்டையில் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். ஃப்ளோட் அறையில் இருக்கும் சாதாரண காற்றழுத்தம் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளும். வேகம் இல்லையென்றால் பெட்ரோல் இல்லை.

இப்போ கணக்குக்கு வருவோம். 350 புல்லட் 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில்தான் காற்றை இழுக்கிறது. சிலிண்டர் முழுசா நிரம்புவதாக வைத்துக்கொண்டால், 2000 ஆர்பிஎம்மில் அந்த இழுப்பின்போது 24 மி.மீ. தொண்டையில் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு சுமார் 51 மீட்டர். அதையே 28 ஆக்கினால் 37 மீட்டர். அழுத்த வித்தியாசம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பெட்ரோலை இழுக்கும் சக்தி 54 சதவீதமாகக் குறைகிறது. விட்டம் கூடியது வெறும் 4 மி.மீ., போனது கிட்டத்தட்ட பாதி!

மெதுவாக முறுக்கினால் ஸ்லைடு பாதி மூடியே இருக்கும், தொண்டை குறுகலாகவே இருக்கும், சமாளிக்கும். சட்டென்று முழுசா திறந்தால்தான் காற்று மட்டும் உள்ளே போய், பெட்ரோல் பின்தங்கும். பாலத்தில் நடந்தது அதுதான்.

அப்போ கம்பெனி எப்படி 24 என்று முடிவு பண்ணியது? மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தது. அந்தக் கால ஆங்கில வண்டிகளில் அமல் கார்ப்பரேட்டர்தான் ராஜா. 1927-இல் மூன்று கம்பெனிகள் இணைந்து பிறந்த பெயர் அது. ஜப்பானின் மிக்குனியும் அமலிடம் லைசென்ஸ் வாங்கித்தான் கற்றுக்கொண்டது. நம்ம புல்லட்டில் பின்னாளில் வந்த மிக்கார்ப் விஎம் 24-ம் அந்த வம்சம்தான்.

கம்பெனி எழுதிவைத்த விதி எதுவும் என்னிடம் இல்லை, ஆனால் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். காற்றின் தேவை கொள்ளளவையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினால் வருவது. 350-க்கு உச்ச சக்தி 5625 ஆர்பிஎம்மில், 500-க்கு 5400-இல். தேவை 1.38 மடங்கு. 24-லிருந்து 28-க்குப் போனால் தொண்டையின் பரப்பு 1.36 மடங்கு. அச்சு அசலாகப் பொருந்துகிறது!

இதே அளவுகோலில் என் வண்டியை வைத்தேன். 71 மி.மீ. போர் என்றால் 356 சிசி, மூன்று சதவீதம்தான் அதிகம். தேவையான தொண்டை 24.3 மி.மீ. அந்த 0.3-க்காக நான் 28 மாட்டியிருக்கிறேன்.

பெரிய கார்ப்பரேட்டரே தப்பு என்று சொல்லவில்லை. கேம், வால்வு, போர்ட் எல்லாம் மாற்றி 6500 ஆர்பிஎம்மில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இதே கணக்கில் 26 வரும். வரிசைதான் முக்கியம்: முதலில் இன்ஜின் எவ்வளவு மூச்சு விடும், எந்த ஆர்பிஎம்மில் ஓட்டப் போகிறோம், அதற்குப் பிறகு தொண்டை, கடைசியில் ஜெட்.

பழைய 24-ஐயே கழுவித் துடைத்து மாட்டினேன். மெயின் ஜெட் ஒரு சைஸ் மட்டும் கூட்டினேன். பிளக் இப்போ காப்பிப்பொடி நிறத்தில் இருக்கு. போன வாரம் மறுபடி அதே பாலம், அதே முறுக்கு. வண்டி டப் டப் என்று ஏறிப் போனது. அப்பா பின்னாடி ஒண்ணும் சொல்லவில்லை. இறங்கவும் இல்லை.