கப்பல் சீட்டுக்குப் பணம் கொடுத்தது யார்?



பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த கதை நம் தோட்டத்து வீடுகளில் பல உண்டு. நாகப்பட்டினத்தில் ஏறியது, தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, பினாங்குக்கு அருகே ஜெரஜா தீவில் நோய்த் தடைமுகாமில் காத்துக் கிடந்தது என்று எல்லாம் சொல்வார்கள். ஒன்றை மட்டும் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். அரைவயிற்றுக் கஞ்சிக்கே வழியில்லாதவருக்குக் கப்பல் சீட்டு வாங்கக் காசு ஏது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடை, கடன் என்பதே. ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்குப் பயணச் செலவு கூலியில் பிடிக்கப்பட்டது. கங்காணியோடு வந்தவருக்கும் முன்பணம் கணக்கில் ஏறியது. பினாங்குத் துறையில் கால் வைக்கும்போதே கடனாளி.

முதலாளிமாருக்கும் இதில் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. ஒரு தோட்டத்தார் பணம் போட்டு ஆள் கொண்டுவருவார். பக்கத்துத் தோட்டத்தார் இரண்டு காசு கூடத் தருவதாகச் சொல்லி அந்த ஆளை இழுத்துக்கொள்வார். ஒருவன் கிணறு வெட்ட, இன்னொருவன் இறைத்துக்கொண்டு போன கதைதான். பிறகு கிணறு வெட்ட யார் முன்வருவார்? செலவில் பங்கேற்காமல் பயனை மட்டும் பெறுபவரைப் பொருளியலில் 'இலவசப் பயணி' என்பார்கள். வேடிக்கை பாருங்கள்: இங்கே இலவசப் பயணி கப்பலில் வந்தவரல்ல, பங்களாவில் இருந்தவர்!

இதைத் தீர்க்கவே 1907-இல் தமிழர் குடியேற்ற நிதிக்குச் சட்டம் வந்தது. தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து கப்பல் கட்டணம், இரயில் கட்டணம், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களின் செலவு எல்லாம் கொடுக்கப்பட்டன. ஆள் சேர்க்காத முதலாளியும் வரியிலிருந்து தப்ப முடியாது. எப்படியும் கட்டுகிறோம், நாமும் கங்காணியை அனுப்புவோமே என்று எல்லாரும் நினைத்தார்கள். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போன நேரம் வேறு. பால்மரக் காடுகளுக்கு ஆள் வந்து குவிந்தது.

தொழிலாளிக்கு இது நன்மைதானே? ஒரு பக்கம் பார்த்தால் ஆம். சீட்டுக் கடன் தலையில் இல்லாமல் இறங்கினார். மறுபக்கம் சந்தையைப் பாருங்கள். வரத்து பெருகினால் மீன் விலை இறங்குகிறது. ஆள் வரத்துக்கும் அதே விதிதான். சீட்டு இலவசமானபடியால் ஆள் வரத்து குறையவில்லை. ஆகவே கூலி ஏறவில்லை. முதலாளி வரியாகக் கட்டியதில் ஒரு பகுதியைக் கூலியை ஏற்றாமலே மீட்டுக்கொண்டார் என்பது என் கருத்து. அப்படியானால் சீட்டின் விலையில் ஒரு பங்கை, சீட்டையே பார்க்காதவரும் கொடுத்திருக்கிறார்.

இந்த நிதி ஒரு தண்ணீர்க் குழாய் மாதிரி. தேவைப்பட்டபோது திறந்தார்கள், வேண்டாதபோது மூடினார்கள். 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் ஆள் சேர்ப்பது நின்றது. ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசானது, பெண்ணுக்கு 40 இருந்தது 32 ஆனது. பல்லாயிரம் பேர் வந்த வழியே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தத் திரும்பும் சீட்டுக்கும் அவர்கள் பணம் கொடுக்கவில்லை. ஆனால் அதை யார்தான் கேட்டார்கள்? 1934-இல் குழாய் மீண்டும் திறந்தது.

1938-இல் முதலாளிகள் 50 காசுக் கூலியை 45 ஆக்கினார்கள். இந்திய அரசு அந்த ஆண்டு ஜூன் மாதமே உதவிச் சீட்டில் ஆள் போவதைத் தடுத்துவிட்டது. ஐந்து காசு விஷயம்! ஆனால் 'நீ போனால் அடுத்த கப்பலில் வேறொருவன் வருவான்' என்ற மிரட்டலுக்கு அதன் பிறகு வலுவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நிதியின் மிச்சப் பணம் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று புதுப்பெயர் பெற்றது. 1999-இல் அதுவும் கலைக்கப்பட்டது. கப்பல்கள் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டன. 1926 முதல் ஓடிய 'ரஜூலா' 1970-களில் உடைக்கப்பட்டது. அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985-இல் தீப்பிடித்தது. அத்தோடு தமிழகக் கரைக்கும் பினாங்குக்கும் இடையிலான அந்தப் பயணமும் முடிந்தது. கடைசிக் காலத்தில் அதில் வந்து போனவர்கள் தங்கள் காசிலேயே சீட்டு வாங்கியவர்கள்.