ஊர்ப்பெயர் தாங்கிய அம்மோனைட்டுகள்

குஜராத்தின் கட்ச் பகுதியில் தோசா, உமியா என இரண்டு ஊர்கள் உள்ளன. கட்ரோல் என்றொரு குன்றுத்தொடரும் உண்டு. இம்மூன்றும் தொல்லுயிரியல் நூல்களில் தோசாயிட்டிஸ், உமியாயிட்டிஸ், கட்ரோலிசெராஸ் என இலத்தீன் கோலம் பூண்டு நிற்கின்றன. மூன்றும் ஜுராசிக் கால அம்மோனைட்டுப் பேரினங்கள். 'செராஸ்' கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அம்மோனைட்டு என்ற பெயரே அம்மோன் என்னும் கடவுளின் ஆட்டுக்கடாக் கொம்பிலிருந்து பிறந்ததுதான்.

உண்மையில் அது கொம்பன்று, ஓடு. கணவாயின் உறவான அவ்வுயிர் சுருளின் கடைசி அறையில் வாழ்ந்தது; பழைய அறைகளை ஊடுருவிய மெல்லிய குழலின் துணையால் மிதந்தது. அறைச்சுவர் ஓட்டோடு பொருந்தும் மடிப்புக்கோடே ஆய்வாளருக்கு முதன்மையான அடையாளம்.

1871-72இல் கட்சை ஆராய்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, அதன் பாறையடுக்குகளைப் பச்சம், சாரி, கட்ரோல், உமியா என நான்காக வகுத்தார். 1874இல் யார்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். அவருடைய பகுப்பை அச்சேற்றி, கட்ச் அம்மோனைட்டுகளை விரிவாக விளக்கியவர் வில்ஹெல்ம் வாகன்.

மொழியியல் மாணவர் வாகனை அறிந்திருப்பது நலம். இந்தியா வருவதற்கு முன்பே, 1869இல், ஓர் அம்மோனைட்டு வரிசையை ஆராய்ந்து அவர் ஒரு வேறுபாட்டை நிறுவினார். ஒரே காலத்தில் இடத்துக்கிடம் காணும் மாறுபாடு 'வகை'; அடுக்குக்கு அடுக்கு, காலப்போக்கில் நிகழும் சிறு மாற்றம் 'மியூட்டேஷன்'. வட்டார வழக்கையும் வரலாற்று மாற்றத்தையும் பிரித்தறியும் அதே நோக்கு! சோசூருக்கு அப்போது வயது பன்னிரண்டைத் தாண்டவில்லை. பின்னர் 1901இல் டி விரீஸ் அச்சொல்லைத் திடீர்ப் பாய்ச்சலுக்கு ஆண்டார். படிப்படியான மாற்றத்தைச் சுட்டிய முதற்பொருள் வழக்கொழிந்தது.

முன்சொன்ன ஊர்ப்பெயர்ப் பேரினங்கள் எல்லாம் எல். எஃப். ஸ்பாத் சூட்டியவை. 1927 முதல் 1933 வரை வெளிவந்த தம் மறுஆய்வில் அவர் நுண்ணிய வேறுபாட்டுக்கும் தனிப்பெயர் வைத்தார். அது மிகையே. ஓரினத்துள்ளேயே பாலுக்கேற்பப் பெரிய ஓடும் சிறிய ஓடும் இருந்தன என்பதை 1960களின் தொடக்கத்தில் மாகோவ்ஸ்கியும் காலமனும் காட்டினர். ஆணும் பெண்ணும் தனித்தனி இனங்களாகப் பதிவாகியிருந்தமை அதன்பிறகே தெளிந்தது. இரு பெயரும் ஓருயிருக்கே உரியவை என உறுதியானால், விதிப்படி முன்னர் அச்சேறிய பெயரே நிலைக்கும்.