ஒளியாகப் போன எழுத்து: கருத்தரங்கக் கேபிளும் எழுத்துருச் சிக்கலும்

2000-களின் தொடக்கத்தில் இந்திய மொழிகளில் ஆய்வுரை வழங்கியவர்களிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. உரையைப் பென்டிரைவில் கொடுத்து அரங்கக் கணினியில் திறக்க ஒப்பமாட்டார்கள். தம் மடிக்கணினியையே புரொஜெக்டருடன் இணைக்க வேண்டும் என்பார்கள். அமைப்பாளர்களுக்கு இது வீண் கால விரயமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அப்பிடிவாதத்துக்கு வலுவான காரணம் இருந்தது. கணினித் திரையின் வரலாறும் எழுத்துக் குறியேற்றத்தின் வரலாறும் வந்து கூடும் இடம் அது.

முதலில் கேபிளைப் பார்ப்போம். 1987 ஏப்ரலில் ஐபிஎம் நிறுவனம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்னும் திரை அமைப்பை அறிமுகப்படுத்தியது. மூன்று வரிசைகளில் 15 பின்கள் கொண்ட அதன் இணைப்பு அடுத்த இருபதாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் நிலைத்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவு மூன்று பின்களின் வழியே மின்னழுத்தமாகச் செல்லும். வரியும் திரையும் எங்கே தொடங்குகின்றன என்பதை வேறு இரண்டு பின்கள் சொல்லும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேபிளில் செல்வது எழுத்து அன்று, எழுத்தின் படம். ‘க’ என்பதற்கான குறியெண்ணைப் புரொஜெக்டர் பெறுவதில்லை. ‘க’வாகத் தோன்றும் புள்ளிகளின் ஒளியளவையே பெறுகிறது. எனவே புரொஜெக்டருக்கு எம்மொழியும் தெரிய வேண்டியதில்லை.

பென்டிரைவில் செல்லும் கோப்பின் நிலை இதற்கு நேர்மாறானது. அதில் குறியெண்கள்தாம் உள்ளன. அவற்றுக்கு வடிவம் கொடுப்பது திறக்கும் கணினியில் உள்ள எழுத்துரு. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் இலத்தீன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தவை; ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி ஏற்றியது. பாமினியில் எழுதிய ‘அம்மா’ என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளின் வரிசையாகிவிடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டை அடுத்து டாம், டாப் ஆகிய குறியேற்றங்கள் தரமாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் பழைய எழுத்துருக்களின் புழக்கம் நிற்கவில்லை. மொழியியலாருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. பழைய ஐபிஏ ஒலிக்குறி எழுத்துருக்களும் இதே முறையில் அமைந்தவை. ணகர, ளகர, ழகர வேறுபாட்டை விளக்கவந்த அட்டவணையில் அவ்வேறுபாடே காணாமற்போகும்.

இச்சிக்கலின் முரண் பெங்களூரில்தான் கூர்மையாகத் தெரிகிறது. 1985-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் நிறுவனம் இந்நகரில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. இங்கே வரையப்பட்ட சில்லு வடிவமைப்புகள் செயற்கைக்கோள் இணைப்பில் அமெரிக்கா சென்றன. அதே நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-இல் அமெரிக்காவில் உருவாக்கிய நுண்ணாடிச் சில்லுதான் பின்னாளில் டிஎல்பி புரொஜெக்டர்களின் அடிப்படையாயிற்று. கண்டம் கடந்து சுற்றுப்படம் அனுப்பிய அதே நகரில், கன்னடத்திலோ தமிழிலோ எழுதிய ஒரு பக்கம் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிழையின்றிப் போய்ச்சேரவில்லை. கன்னடத்துக்குப் பரஹ 1998-இலும், கன்னட கணக பரிஷத்தின் நுடி அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் வந்தன. தமிழ் எழுத்துருக்களின் பட்டியலோ முற்றிலும் வேறு. நான்கு திராவிட மொழிகளின் தரவுகளை ஒரே அமர்வில் ஒப்பிடும் கருத்தரங்கில், அத்தனை எழுத்துருக்களும் கொண்ட அரங்கக் கணினியை யார் எதிர்பார்க்க முடியும்? அங்கே எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான ஒரே தரம் விஜிஏ கேபிள்தான். குறியேற்றம் செய்யத் தவறிய வேலையை அது செய்தது.

ஒருங்குறி வந்ததும் இது தீர்ந்துவிட்டதாகச் சொல்வது எளிது. நடந்தது அவ்வளவு எளிதன்று. 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழும் கன்னடமும் இடம்பெற்றன. ஆனால் விண்டோஸில் தமிழுக்கு ஆதரவு கிடைத்தது விண்டோஸ் 2000-இல்தான். அடுத்துவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை அமைப்புப் பகுதிக்குச் சென்று தனியே நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாத கணினியில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்களே தெரியும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்பும் பிடிஎஃப் 1993 முதல் இருந்தது உண்மை. எனினும் கடைசி நேரம்வரை பக்கங்களைத் திருத்துவோர் அதை நாடுவது குறைவு. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல்.

அதே ஆண்டு டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் 2015-க்குள் விஜிஏவைக் கைவிடப்போவதாக அறிவித்தன. 2002 இறுதியில் பிறந்த எச்டிஎம்ஐ, 2006-இன் டிஸ்ப்ளேபோர்ட், 2014-இன் யுஎஸ்பி-சி என வாய்கள் மாறிக்கொண்டே வந்தன. மடிக்கணினிகள் மாறிய வேகத்தில் அரங்கச் சுவர்களில் பதித்த கேபிள்கள் மாறவில்லை. இடைவெளியை நிரப்பும் அடாப்டரைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு உரையாளர் தலையில் விழுந்தது. ஆக, எழுத்துகளுக்குப் பொதுத்தரம் வேரூன்றத் தொடங்கியபோது இணைப்புகளின் பொதுத்தரம் கலைந்தது.

இவ்வரலாற்றில் நமக்கு ஓர் இழப்பும் உண்டு. கேபிள் ஒளியை மட்டுமே கடத்தியது. பிரதி எதையும் அது விட்டுச்செல்லவில்லை. தம் கணினியை இணைத்துப் பேசியவரின் தமிழ் அன்று அரங்கில் தெளிவாகத் தெரிந்தது. இன்று அக்கணினி இல்லை. எஞ்சிய கோப்பைத் திறந்தால் இலத்தீன் எழுத்துக் குவியலே கிடைக்கிறது. களப்பணித் தரவு, வட்டார வழக்குச் சொற்பட்டியல், கல்வெட்டு வாசிப்பு என அச்சேறாத ஆய்வுகளில் ஒரு பகுதி இவ்வடிவில்தான் உள்ளது. அச்சேறாததால் அதற்கு வேறு சான்றும் இல்லை.

இதை மீட்க வழி இருக்கிறது. கோப்பு தன் எழுத்துருவின் பெயரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். பெயர் தெரிந்தால் குறியேற்றம் தெரியும். குறியேற்றம் தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றலாம். ஓய்வுபெறும் பேராசிரியரின் அறையைக் காலிசெய்யும்போது புத்தகங்களை எண்ணி வாங்கும் துறைகள், பழைய கணினியை மட்டும் கழிவுக்கு அனுப்பிவிடுகின்றன. அனுப்பும் முன் அதிலுள்ள எழுத்துருக் கோப்புகளையும் உரைக்கோப்புகளையும் ஒருசேரப் படியெடுத்து வைக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கோப்பு, எழுத்துமுறை தெரியாத கல்வெட்டு போன்றது. அந்த எழுத்துமுறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.