கிறித்து ஆலயம், திருச்சிராப்பள்ளி

கிறித்து ஆலயம் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி நகரில், மலைக்கோட்டைப் பகுதியில், தெப்பக்குளத்திற்கு அருகே அமைந்துள்ள ஒரு கிறித்தவக் கோயில் ஆகும். செருமானிய மதகுருவான கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் இதனைக் கட்டினார். 1766 மே 18 அன்று, தூய ஆவியின் திருநாளான பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, இது வழிபாட்டிற்கெனத் திறந்து வைக்கப்பட்டது. லூத்தரன் மரபினரால் தொடங்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பராமரிப்புக்கு மாறிய இக்கோயில், 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததாக உள்ளது. நகர்ப்புற ஆங்கிலிக்கன் சபை ஒன்றின் அன்றாட வாழ்வு தமிழ்நாட்டில் எவ்வாறு உருவானது என்பதையும், அதில் யார் எங்கே அமர்வது என்ற கேள்வி எவ்வளவு பெரிய சிக்கலாக இருந்தது என்பதையும் அறிய இக்கோயிலின் வரலாறு உதவுகிறது.

சேகரம் என்னும் அமைப்பு

ஆங்கிலிக்கன் மரபில் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள பகுதி பங்கு எனப்படும். இங்கிலாந்தில் இது நில எல்லையைக் குறித்தது. ஓர் எல்லைக்குள் வாழும் அனைவரும், கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும், அப்பங்கைச் சேர்ந்தவர்களாகக் கருதப்பட்டனர். தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் சிறுபான்மையினர் என்பதால் இம்முறை அப்படியே பொருந்தவில்லை. இங்கு பெயர்ப்பட்டியலில் உள்ள குடும்பங்களே சபை ஆயின. ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஒன்று அல்லது பல சபைகளின் தொகுதியைத் தமிழ்க் கிறித்தவர்கள் சேகரம் அல்லது குருசேகரம் என்று அழைக்கின்றனர். பல சேகரங்கள் சேர்ந்தது பேராயம் அல்லது திருமண்டலம் ஆகும். இதன் தலைவர் பேராயர்.

வரலாறு

தோற்றம்

சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டில் இன்றைய போலந்து நாட்டில் உள்ள சொன்னென்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். 1750ஆம் ஆண்டில் தேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். 1762ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அப்போது இந்நகரம் ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. கோட்டையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தங்கியிருந்தது.

1760களின் தொடக்கத்தில் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தனர். பெற்றோரை இழந்த படைவீரர்களின் பிள்ளைகளுக்காகச் சுவார்ட்ஸ் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்றைய புனித யோவான் வெஸ்ட்ரி பள்ளி தன் தொடக்கத்தை 1763ஆம் ஆண்டு எனக் குறிக்கிறது. ஆகவே இச்சபையில் முதலில் உருவானது பள்ளி, அதன் பின்னரே கோயில். கோயில் கட்டுவதற்கான பணத்தைப் படை அதிகாரிகளும் வீரர்களும் நன்கொடையாக அளித்தனர்.

பராமரிப்பு மாற்றம்

சுவார்ட்ஸ் லூத்தரன் குருவாக இருந்தபோதும், திருச்சிராப்பள்ளியில் அவரது பணிக்கு இங்கிலாந்தின் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் பொருளுதவி செய்தது. 1760களின் இறுதியில் கோட்டைப் படையின் குருவாகவும் அவர் அமர்த்தப்பட்டார். இதற்காகக் கிடைத்த ஆண்டு ஊதியம் 100 பவுண்டில் பெரும்பகுதியைச் சபைக்கும் பள்ளிக்கும் செலவிட்டார். 1770களின் இறுதியில் அவர் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயே 1798 பெப்ரவரி 13 அன்று இறந்தார். திருச்சிராப்பள்ளியில் அவருக்குப் பின் கிறிஸ்தியான் போலே 1818இல் தாம் இறக்கும் வரை பொறுப்பில் இருந்தார்.

1820களின் நடுப்பகுதியில் இப்பணித்தளங்கள் நற்செய்தி பரப்புதல் கழகம் என்னும் ஆங்கிலிக்கன் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்போது முதல் தமிழ்ச் சபைகள் பேராயர்களின் நேரடி ஆளுகைக்குள் வந்தன. தொடக்கத்தில் கல்கத்தா பேராயத்தின் கீழும், 1835இல் சென்னைப் பேராயம் அமைந்தபின் அதன் கீழும் இச்சபை இருந்தது.

தொடக்ககால அன்றாட வாழ்வு

சுவார்ட்ஸ் காலத்தில் சபையின் நாள் காலை வேண்டுதலுடன் தொடங்கியது. அதன்பின் உபதேசியார்கள் அன்றைய பணிக்கான அறிவுரைகளைப் பெற்றுக்கொண்டு நகரத் தெருக்களுக்கும் அண்டைச் சிற்றூர்களுக்கும் சென்றனர். மாலையில் திரும்பி வந்து, யாரைச் சந்தித்தனர், என்ன பேசினர் என்று குருவிடம் கூறினர். மாலை வேண்டுதலுடன் நாள் முடிந்தது.

உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாத ஊழியர் ஆவார். வேதம் கற்பித்தல், நோயாளிகளைப் பார்த்தல், சண்டைகளைத் தீர்த்தல், பள்ளி நடத்துதல் ஆகியவை இவரது பணிகள். ஐரோப்பியக் குருக்கள் சிலரே இருந்ததாலும், அவர்கள் அடிக்கடிப் பயணம் மேற்கொண்டதாலும் சபையைத் தொடர்ந்து நடத்தியவர்கள் பெரும்பாலும் தமிழ் உபதேசியார்களே. இவர்களில் சிலர் பின்னர் குருப்பட்டம் பெற்றனர். சுவார்ட்சின் உடனூழியரான சத்தியநாதன் 1790இல் குருவாக அமர்த்தப்பட்டுத் திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் மக்களுக்குத் தமிழிலும், படையினருக்கு ஆங்கிலத்திலும் வழிபாடு நடந்தது. சுவார்ட்ஸ் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாததால், அச்சிடப்பட்ட ஆங்கில மறையுரைகளை வாசித்தார். 1821இல் படைக் குடியிருப்புப் பகுதியில் புனித யோவான் ஆலயம் கட்டப்பட்ட பின்னர், ஐரோப்பியரின் வழிபாடு பெரிதும் அங்கு மாறியது. கோட்டையில் இருந்த கிறித்து ஆலயம் தமிழ்ச் சபையின் கோயிலாகத் தொடர்ந்தது.

பேராயர் ஹீபரின் வருகை

கல்கத்தாவின் இரண்டாம் பேராயரான ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 1 அன்று திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். மறுநாள் ஞாயிறன்று புனித யோவான் ஆலயத்தில் மறையுரை ஆற்றித் திடப்படுத்தல் சடங்கை நடத்தினார். திடப்படுத்தல் என்பது, குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெற்றவர்கள் வளர்ந்தபின் தம் நம்பிக்கையைத் தாமே அறிக்கையிட்டுப் பேராயரின் கை வைத்தலைப் பெறுவது ஆகும். ஆங்கிலிக்கன் முறைப்படி இதனைப் பேராயர் மட்டுமே செய்யமுடியும்.

ஏப்ரல் 3 அதிகாலையில் அவர் கோட்டையில் உள்ள கிறித்து ஆலயத்திற்குச் சென்றார். தமிழர்களுக்குத் திடப்படுத்தல் அளித்து, தமிழிலேயே ஆசி கூறினார். தங்கியிருந்த இல்லத்திற்குத் திரும்பிக் குளிர்ந்த நீரில் குளிக்க இறங்கியபோது இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. அவரது உடல் புனித யோவான் ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது. 1966இல் நகரின் புத்தூர்ப் பகுதியில் தொடங்கப்பட்ட பிஷப் ஹீபர் கல்லூரி அவரது பெயரைத் தாங்கியுள்ளது.

இருக்கை பற்றிய சிக்கல்

தரங்கம்பாடி மரபில் வளர்ந்த சபைகளில் வேளாளர் முதலிய சாதியினர் ஒரு பக்கமும், பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர் மறுபக்கமும் அமர்ந்தனர். திருவிருந்தின்போது முன்னவர்கள் முதலிலும் மற்றவர்கள் பின்னரும் அப்பமும் இரசமும் பெற்றனர். சுவார்ட்ஸ் இதனை விரும்பவில்லை எனினும், காலப்போக்கில் மறையும் என்று கருதிப் பொறுத்துக்கொண்டார். அவருக்குப்பின் வந்த குருக்களில் பலர் அவ்வாறு காத்திருக்க விரும்பவில்லை.

தஞ்சாவூரில் சுவார்ட்சின் மாணவரும் புகழ்பெற்ற கீர்த்தனை ஆசிரியருமான வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) புதிய குருக்களின் நடவடிக்கைகளை எதிர்த்து எழுதினார். சாதி வழக்கத்தை வலிந்து நீக்குவது மட்டுமன்றி, பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல், விழாக்களில் மலர் சூடுவதைத் தடுத்தல், தமிழ்க் கீர்த்தனை இசையைக் குறைத்தல் ஆகியவற்றையும் அவர் கண்டித்தார். ஒரே எதிர்ப்பில் தமிழ்ப் பண்பாட்டுக்கான உரிமையும் சாதி வேறுபாட்டுக்கான ஆதரவும் கலந்திருந்தன. இதனால் அக்காலச் சிக்கலை மதிப்பிடுவது வரலாற்றாளர்களுக்கு எளிதாக இல்லை.

1833 சூலையில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுமையாகவும் நீக்கப்படவேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் இது வாசிக்கப்பட்டபோது ஏராளமானோர் கோயிலை விட்டு விலகினர். உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் பணியை இழந்தனர். 1835இன் தொடக்கத்தில் வில்சன் நேரில் தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்தார். திருச்சிராப்பள்ளியில் நடந்த திருவிருந்தில் வெவ்வேறு சாதியினரும் ஐரோப்பியரும் ஒருவர் பின் ஒருவராகக் கலந்து வருமாறு வரிசை அமைக்கப்பட்டது.

விலகியவர்களில் பலர் 1840களில் வந்த செருமானிய இலைப்சிக் லூத்தரன் மிசனில் சேர்ந்தனர். இம்மிசன் சாதி வழக்கங்களைப் பொறுத்துக்கொள்வதாக ஆங்கிலிக்கன் குருக்கள் குற்றம் சாட்டினர். அம்மிசனின் சபைகள் 1919இல் தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபையாக அமைந்தன. அதன் தலைமையகமான தரங்கைவாசமும் திருச்சிராப்பள்ளியிலேயே உள்ளது. எனவே சுவார்ட்சைத் தம் முன்னோடியாகக் கருதும் இரு திருச்சபைகள் ஒரே நகரில் செயற்படுகின்றன.

சுற்றுமடல்களால் கோயிலுக்குள் இருக்கை முறை மாறிய பின்னரும், திருமண உறவு, கல்லறை இடம், சபைத் தேர்தல் ஆகியவற்றில் சாதி தொடர்ந்து செல்வாக்குச் செலுத்தியது. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணைப்படி, கிறித்தவர்களான தலித்துகள் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். திருச்சபைக்குள் வேறுபாட்டையும், திருச்சபைக்கு வெளியே சலுகை இழப்பையும் சந்திக்கும் அவர்களின் நிலை இன்றும் விவாதிக்கப்படுகிறது.

தென்னிந்தியத் திருச்சபையில்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. கிறித்து ஆலயம் இதன் திருச்சி-தஞ்சை பேராயத்தில் அடங்கியது.

புதிய திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில், கேரளச் சிரியன் கிறித்தவர்களின் மரபைத் தழுவிச் சமாதானம் பகிர்தல் என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. திருவிருந்து மேசையிலிருந்து தொடங்கி, ஒருவர் கையை மற்றவர் பற்றி, அருகில் இருப்பவருக்குச் சமாதானத்தை அளிக்க வேண்டும். அருகில் அமர்வதே சிக்கலாக இருந்த சபைகளில் இது வழிபாட்டின் கட்டாயப் பகுதியானது குறிப்பிடத்தக்கது.

நகரச் சேகரத்தின் அன்றாட வாழ்வு

பின்வருவன தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ் நகரச் சேகரங்களில் பொதுவாகக் காணப்படும் நடைமுறைகள் ஆகும்.

பணியாற்றுவோர்

- ஆயர்: குருவானவர் என்றும் ஐயர் என்றும் அழைக்கப்படுபவர். வழிபாடு, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை நடத்துவார். பேராயரால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் செய்யப்படுவார்.
- சேகரக் குழு: உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படும் குழு. செயலரும் பொருளாளரும் கணக்கு, கட்டடம், ஊதியம் ஆகியவற்றைக் கவனிப்பர். வாக்குரிமை பெறச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும்.
- கோயில் பணியாளர்: மணி அடித்தல், கதவு திறத்தல், துப்புரவு, திருவிருந்துப் பாத்திரங்களை ஆயத்தம் செய்தல் ஆகியவற்றைச் செய்பவர். ஆயர்கள் மாறினாலும் இவர் பெரும்பாலும் மாறுவதில்லை. எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை அறிந்தவர் இவரே.
- பாடகர் குழு: ஆர்கன் துணையுடன் ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலைப் பாடல்களையும், கருநாடக இசை மரபில் அமைந்த கீர்த்தனைகளையும் பாடுவர்.
- ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள்: ஞாயிறுகளில் சிறுவர்களுக்கு வேதம் கற்பிக்கும் தொண்டர்கள்.
- பெண்கள் ஐக்கிய சங்கம்: வேண்டுதல் கூட்டம், நோயாளிகளைச் சந்தித்தல், நிதி திரட்டுதல் ஆகியவற்றை நடத்தும் அமைப்பு. 19ஆம் நூற்றாண்டில் வேதாகமப் பெண்கள் என்போர் வீடு வீடாகச் சென்று எழுத்தும் வேதமும் கற்பித்தனர். தென்னிந்தியத் திருச்சபை 1970கள் முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்குகிறது. 2013இல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்தில் முதல் பெண் பேராயர் பொறுப்பேற்றார்.

ஆண்டுச் சுழற்சி

திருச்சபை ஆண்டு கிறித்துமசுக்கு நான்கு ஞாயிறுகளுக்கு முன் தொடங்குகிறது. திசம்பரில் பாடகர் குழுவினர் இரவில் வீடு வீடாகச் சென்று கிறித்துமசுப் பாடல்கள் பாடுவர். திசம்பர் 31 நள்ளிரவில் ஆண்டிறுதி வழிபாடு நடைபெறும். லெந்து எனப்படும் தவக்காலத்தில் வீட்டு விழாக்கள் தவிர்க்கப்படும். பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை இயேசுவின் ஏழு சிலுவை மொழிகள் தியானிக்கப்படும். உயிர்த்த ஞாயிறு வழிபாடு விடியலுக்கு முன்னரே தொடங்கும்.

அறுப்பின் பண்டிகை பெரிதும் உழவரின் விழா. நகரச் சபைகளிலும் இது தொடர்கிறது. உறுப்பினர்கள் காய்கறி, வாழைத்தார், கோழி, வீட்டில் செய்த பலகாரம் முதலியவற்றைக் கொண்டுவந்து படைப்பர். வழிபாட்டிற்குப் பின் அவை கோயில் வளாகத்தில் ஏலம் விடப்படும். எலுமிச்சம்பழம் ஒன்று கூடப் பல மடங்கு விலைக்குப் போவதுண்டு. தொகை சபை நிதியில் சேரும்.

பதிவேடுகள்

ஒவ்வொரு சேகரமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றிற்குத் தனித்தனிப் பதிவேடுகளைப் பேணுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் கோயில் திருமணங்களைப் பதிவு செய்யும் முறையை வரையறுக்கிறது. பொதுவாகக் காலை 6 மணி முதல் மாலை 7 மணிக்குள் திருமணம் நடத்தப்படவேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதியாகும். திருமணத்திற்கு முன் மணமக்களின் பெயர்கள் மூன்று ஞாயிறுகளில் சபையில் அறிவிக்கப்படும். தடை கூறுவோர் அப்போது கூறலாம்.

பிறப்புச் சான்றிதழ் பரவலாகாத காலத்தில், பள்ளியில் சேரவும் வேலையில் அமரவும் திருமுழுக்குப் பதிவின் நகல் வயதுச் சான்றாகப் பயன்பட்டது. இன்று தம் முன்னோரைத் தேடுவோருக்கும் சமூக வரலாறு எழுதுவோருக்கும் இப்பதிவேடுகள் முதன்மைச் சான்றுகளாக உள்ளன. வரலாற்று நூல்களில் இடம்பெறாத உபதேசியார்கள், தையற்காரர்கள், சமையற்காரர்கள், படைவீரர்களின் கைம்பெண்கள் ஆகியோரின் பெயர்கள் இவற்றில்தான் காணப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- புனித யோவான் ஆலயம், திருச்சிராப்பள்ளி
- தென்னிந்தியத் திருச்சபை
- தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபை
- வேதநாயகம் சாஸ்திரியார்