வகுப்பறையில் பிறந்த சட்டம்

கி.பி. 533 நவம்பரில் கான்ஸ்டான்டிநோபிளில் வெளியான ஒரு பாடநூல், அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் பெயரில் அமைந்த ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ அது. சட்ட அறிஞர் டிரிபோனியன் மேற்பார்வையில் அதைத் தொகுத்த தியோபிலஸ், டொரோத்தியஸ் இருவருமே சட்ட ஆசிரியர்கள். சட்டம் முதலில் பிறக்கும், பாடநூல் அதன் பின்னே நடக்கும் என்றே நினைக்கிறோம். ரோமச் சட்டத்தின் வரலாறு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எந்த ஆண்டு எதைப் படிப்பது என்பதைப் பேரரசரே ஆணையிட்டார். முதலாண்டு மாணவர்களை ‘இரண்டு காசுக்காரர்கள்’ என்று கேலி செய்த பழக்கத்தையும் ஒழித்து, ‘புதிய ஜஸ்டினியர்கள்’ என்று பெயர் வைத்தார். தன்னடக்கம் அவருக்குக் கொஞ்சம் குறைவுதான்.

‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ வெறும் நகல்தானே என்று கேட்கலாம். உண்மைதான்; கேயஸ் என்ற ஆசிரியரின் இரண்டாம் நூற்றாண்டுப் பாடநூலே இதற்கு மூலம். 1816இல் வெரோனாவில் ஜெர்மன் வரலாற்றறிஞர் நீபூர் கண்டெடுத்த, கேயஸ் நூலின் பழைய தோல்சுவடி, எவ்வளவு எடுத்தாண்டார்கள் என்பதைக் காட்டிவிட்டது. ஆனால் அதுவே என் வாதத்துக்கு வலு: ஆட்கள், பொருள்கள், வழக்குகள் என்று மாணவருக்காக ஓர் ஆசிரியர் வகுத்த வரிசைதான் பேரரசின் சட்டமானது. பழைய சட்ட அறிஞர்களின் எழுத்துகளைத் தொகுத்த, ஐம்பது புத்தகங்கள் கொண்ட ‘டைஜஸ்ட்’ அல்லவா பெரிது என்பார்கள். சரக்கு அங்கே இருந்தது, மறுக்கவில்லை. அடுக்கு இங்கிருந்து போனது. 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டமும் ஆட்களில் தொடங்கிப் பொருள்களுக்குத்தான் போகிறது, வழக்கு நடைமுறையைத் தனிச் சட்டத்துக்கு விட்டுவிட்டு.