கள்ளக் காசும் தராசும்

பன்னிரண்டு காசுகள்; அவற்றுள் ஒன்று போலி. அதன் எடை மட்டும் வேறு. படிக்கல் இன்றி, வெறுந் தராசில் மும்முறை நிறுத்து அதனைக் கண்டறிதல் வேண்டும். எடை மிக்கதா, குறைந்ததா என்றும் கூறுதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது இப்புதிர் இங்கிலாந்து அறிஞரை ஆட்கொண்டது. போர்ப்பணிக்குரிய பொழுதையெல்லாம் இது விழுங்குவதால், இதனைப் பகைவர் நாட்டில் வீசிவிடலாம் என வேடிக்கையாகப் பேசிக்கொண்டனராம்.

இதன் உள்ளுறை யாது? இடத்தட்டு தாழலாம், வலத்தட்டு தாழலாம், இரண்டும் சமனாக நிற்கலாம். ஆகவே மூன்று நிறுவைகள் தரும் விடைகள் 27. பன்னிரு காசுகளில் எழும் ஐயங்களோ 24.

பதின்மூன்று காசுகளாயின் ஐயங்கள் 26 தாமே, அதுவும் இயலாதோ எனின், இயலாது. முதலில் நான்கிற்கு நான்கு நிறுத்துச் சமனானால், எஞ்சும் ஐந்து காசுகளில் ஐயம் 10; ஐந்திற்கு ஐந்து நிறுத்துத் தட்டு சாய்ந்தாலும் ஐயம் 10. எஞ்சிய இரு நிறுவைகள் தீர்ப்பன 9 மட்டுமே.

1946ஆம் ஆண்டு ஃப்ரீமன் டைசன் இதற்குப் பொதுவிதி வகுத்தார்: நான்கு நிறுவைகளுக்கு 39 காசுகள், ஐந்திற்கு 120.

சாயாத தராசும் செய்தி சொல்லும் என்பதே இப்புதிர் புகட்டும் பாடம்.